தாது வருஷமும் ஒரு பவுண்டு அரிசியும்

போன மாசம் மகளுக்கு ஸ்கூலில் ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நாள் முழுக்க என்னென்ன சாப்பிட்டோம், அதில் எத்தனை கலோரி, அன்றைக்கு என்ன வேலை செய்தோம் என்று சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு எழுத வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புராஜெக்ட் என்றால் அது அப்பனுக்குப் புராஜெக்ட் என்று பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இட்லி ஒன்று எத்தனை கிராம், சட்னி எத்தனை கரண்டி என்று அளந்து முடிப்பதற்குள் இட்லி ஆறிப் போனது. இடையில் அம்மணி ஒரு இட்லி மேல் அயோடின் சொட்டு விட்டு அதை நீலக் கருப்பாக மாற்றி, மாவுச்சத்து இருக்கிறது என்று நிரூபித்தும் காட்டினாள். தங்கமணி கொடுத்த லுக்கை இங்கே எழுத்தில் கொண்டு வர முடியாது :-)

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். எங்களுக்குச் சேலம் ஜில்லாவில் ஒரு கிராமம். சோத்தைத் தராசில் வைத்து நிறுத்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்னடா இது, தாது வருஷத்துல நிறுத்துப் போட்ட மாதிரி" என்றார்.

தாது வருஷம்னா என்ன ஆயா என்று மகள் கேட்டாள். அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மழையே பெய்யாத வருஷம். அம்மாவின் தாத்தாவுக்கு ஒரு பெரியப்பா இருந்தாராம். ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கப் போனார். கொடுத்த காசு வயிற்றுக்குக் காணவில்லை. நாலு பேரோடு சேர்ந்து இலங்கைக்கு நடந்து போனார். அப்புறம் தகவலே இல்லை. பேர் கூட அம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

நானும் சின்ன வயதில் இதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். தட்டில் சோறு மிச்சம் வைத்தால் வரும் வசனம். ஆனால் கையில் தராசும், பக்கத்தில் கலோரி அட்டவணையும் இருக்கும்போது கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. "கொடுத்த காசு வயிற்றுக்குக் காணவில்லை" என்பது கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய வாக்கியம். அந்தக் கூலி எவ்வளவு என்று சரித்திரத்தில் இருக்கிறது. அரிசியில் எவ்வளவு இருக்கிறது என்று அட்டவணையில் இருக்கிறது. மிச்சம் ஏழாம் வகுப்புப் பெருக்கல்தான்.

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுற்றுவோம்.

தாது என்பது 1876 சித்திரையில் தொடங்கிய தமிழ் வருஷம். அந்த வருஷம் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிலும், மைசூரிலும், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியிலும், நிஜாம் சீமையிலும் மழை பொய்த்தது. அடுத்த ஈஸ்வர வருஷமும் சரியாக விடியவில்லை. 1878 வரை நீண்ட இந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் செத்திருப்பார்கள் என்பது அரசாங்கம் அமைத்த பஞ்சக் கமிஷனே ஒத்துக்கொண்ட கணக்கு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இன்னும் கூட்டித்தான் சொல்கிறார்கள். எங்கள் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871 சென்சஸில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் ஏறக்குறைய 16 லட்சம். பத்து வருஷத்தில் கூட வேண்டிய ஜனம் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்களும் உண்டு, பிறக்காமல் போன குழந்தைகளும் உண்டு, அம்மா சொன்ன பெரியப்பா மாதிரி நடந்து போனவர்களும் உண்டு. இலங்கைக் காபித் தோட்டங்களுக்குப் போன கூட்டம் அந்த வருஷங்களில் ஒரேயடியாகக் கூடியது.

1877 ஜனவரி 1-ஆம் தேதி டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பெரிய தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். அதே ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைப் பஞ்சப் பிரதிநிதியாகத் தெற்கே அனுப்பினார். சென்னை அரசாங்கம் நிவாரணத்துக்கு இஷ்டத்துக்குச் செலவு செய்கிறது, அதை அடக்க வேண்டும் என்பது உத்தரவு.

இந்த டெம்பிளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது வங்காளத்தில் பொறுப்பில் இருந்தவர் இதே மனிதர்தான். அப்போது பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி தருவித்துத் தாராளமாகக் கொடுத்தார். பட்டினியால் செத்தவர்கள் மிகச் சொற்பம். பரிசாக அவருக்குக் கிடைத்தது, காசைக் கரியாக்கினார் என்ற திட்டு. லண்டனில் பத்திரிகைகள் கிழித்தன. ஆக, ஜனங்களைக் காப்பாற்றியதற்காகத் திட்டு வாங்கிய ஆள், இந்த முறை சிக்கனக்காரர் என்று பேர் வாங்கியே தீருவது என்ற முடிவோடு சென்னைக்கு வந்து இறங்கினார். ஆபீஸில் அப்ரைசலில் அடி வாங்கியவர்கள் அடுத்த வருஷம் எப்படி மாறுவார்கள் என்று நாம் பார்க்காததா? ஆனால் இங்கே அந்த மாற்றத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு.

அவர் கொண்டு வந்த கூலிக்கே 'டெம்பிள் கூலி' என்று பேர் நிலைத்துவிட்டது. நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசு, அதற்கு மேல் அரை அணா. பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைச்சல். வேலை என்றால் நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை. ரோட்டுக்குக் கல் உடைப்பது, ஏரி தூர் எடுப்பது, கால்வாய் வெட்டுவது. சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய் என்று ஒன்று சாக்கடையாக ஓடுகிறதே, நகரத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் துண்டு அப்போது பஞ்ச வேலையாக வெட்டப்பட்டதுதான். அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைத்தான் வைத்தார்கள். இது போக, உழைக்க முடிந்தவர்களுக்குச் சொந்த ஊர்ப் பக்கத்தில் வேலை கிடையாது, பத்து மைலாவது தள்ளிப் போக வேண்டும் என்று ஒரு 'தூரச் சோதனை' வேறு. நிஜமாகவே பசித்தவன்தான் அவ்வளவு தூரம் வருவான் என்பது சித்தாந்தம். நிஜமாகவே பசித்தவனால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்று யோசிக்கத் தோன்றவில்லை.

இப்போது கணக்கு. ஒரு பவுண்டு 454 கிராம். 100 கிராம் புழுங்காத, தீட்டிய அரிசியில் 345 கலோரி என்று நம்மூர் அட்டவணை சொல்கிறது. (நாம் பேச்சில் கலோரி என்பது உண்மையில் கிலோ கலோரி. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம். மகளின் டீச்சர் இதற்கு மார்க் குறைப்பார், அதனால் சொல்லி வைக்கிறேன்.) 454 கிராமுக்கு ஏறக்குறைய 1,566 கலோரி. அரை அணாவில் உப்பு, மிளகாய், புளி, விறகு. அதில் ஏறக்கூடிய கலோரி அதிகம் இல்லை.

ஒரு மனிதனுக்கு எவ்வளவு வேண்டும்? 50 கிலோ எடையுள்ள ஆள் கையைக் காலை அசைக்காமல் படுத்துக் கிடந்தாலே, மூச்சு விடவும் இதயம் அடிக்கவும் உடம்புச் சூட்டைக் காப்பாற்றவும் நாளுக்கு 1,300 கலோரி அளவில் செலவாகும். கடின உடலுழைப்பு செய்யும் 60 கிலோ ஆணுக்கு 3,490 கலோரி வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2010-ல் வெளியிட்ட பரிந்துரை சொன்னது. அதை 50 கிலோவுக்கு இறக்கினால் 2,900 சொச்சம். வரவு 1,566. துண்டு விழுவது 1,300-க்கு மேல், தினமும்.

அந்தத் துண்டை உடம்பு எங்கிருந்து கட்டும்? சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்து. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைந்தால் ஏறக்குறைய 7,700 கலோரி கிடைக்கும். அப்படியென்றால் ஆறு நாளைக்கு ஒரு கிலோ. நமக்குச் சொன்னால் சந்தோஷப்படுவோம். ஜிம்முக்குக் காசு கட்டி இதற்குத்தானே போகிறோம். ஆனால் வேலைக்கு வந்தவர் ஏற்கெனவே பல மாசம் அரை வயிறாக இருந்து வந்தவர். அவர் உடம்பில் மிஞ்சி மிஞ்சிப் போனால் நாலு கிலோ கொழுப்பு இருக்கும். ஒரு மாசத்துக்குள் அது காலி. அதற்கப்புறம் உடம்பு தன் சதையைத் தானே தின்னத் தொடங்கும். நிஜத்தில் கணக்கு இவ்வளவு நேர்க்கோட்டில் போகாது என்பதையும் சொல்ல வேண்டும். வரவு குறைந்தால் உடம்பும் செலவைச் சுருக்கும். நடை தளரும், கை ஓங்காது, குளிர் அதிகமாகத் தெரியும். வெளியே இருந்து பார்க்கும் மேஸ்திரிக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும்.

டெம்பிளுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க நியாயம் இல்லையே, அப்போது கலோரி எல்லாம் ஏது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

சாப்பாடு என்பது உடம்புக்குள் மெதுவாக எரியும் நெருப்பு என்ற எண்ணம் அதற்கு நூறு வருஷம் முந்தையது. 1780-களின் தொடக்கத்தில் பாரிஸில் லவாய்சியேவும் லாப்லாஸும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் உட்கார வைத்து, அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அது வெளியே விட்ட கரியமில வாயுவையும் அளந்தார்கள். கரி எரிந்து அதே அளவு வாயு வந்தால் எவ்வளவு பனி உருகுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு உருகியது. அடுப்பில் எரிவதும் நெஞ்சுக்குள் எரிவதும் ஒன்றுதான் என்று புரிந்தது. அப்பேர்ப்பட்ட மனிதரை 1794-ல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் தலையை வெட்டிக் கொன்றார்கள், அது தனிக் கதை.

அதன் பிறகு ஜெர்மனியில் லீபிக் என்ற மகா ரசாயன அறிஞர் ஒரு குழப்பத்தைக் கிளப்பினார். தசை புரதத்தால் ஆனது, எனவே தசை வேலை செய்யும்போது புரதம்தான் எரிகிறது, மாவும் கொழுப்பும் உடம்பைச் சூடாக வைக்க மட்டும்தான் என்றார். பெரிய மனிதர் சொன்னதால் பல வருஷம் எல்லாரும் நம்பினார்கள். 1865 ஆகஸ்டில் ஃபிக், விஸ்லிசெனுஸ் என்ற இரண்டு பேர் சுவிட்சர்லாந்தில் ஃபௌல்ஹார்ன் என்ற மலையில் ஏறி இதைச் சோதித்தார்கள். புரதம் துளியும் இல்லாமல், மாவைக் கொழுப்பில் பொரித்த பணியாரமும் சர்க்கரை போட்ட டீயும் மட்டும் சாப்பிட்டார்கள். தங்கள் சிறுநீரைப் பிடித்து வைத்து, அதிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு உடம்பில் எவ்வளவு புரதம் எரிந்தது என்று கணக்கிட்டார்கள். ஃபிக் 66 கிலோ. ஏறியது 1,956 மீட்டர். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே ஏறக்குறைய 300 கலோரி வேண்டும். அவர் உடம்பில் எரிந்த புரதமோ 37 கிராம் சொச்சம். கிராமுக்கு நாலு என்று வைத்தால் 150 கலோரி கூட வரவில்லை. மிச்சம் எங்கிருந்து வந்தது? பணியாரத்திலிருந்துதான்! இத்தனைக்கும் தசை தனக்குக் கிடைக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். மிச்சம் சூடாகப் போய்விடும். அடுத்த வருஷமே இங்கிலாந்தில் ஃபிராங்க்லண்ட் என்பவர் அரிசி, ரொட்டி, இறைச்சி என்று வகை வகையாக எரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு வெப்பம் வருகிறது என்று அட்டவணை போட்டார்.

இது 1866. டெம்பிள் சென்னையில் வந்து இறங்குவதற்குப் பத்து வருஷம் முன்பு. அளவுகோல் தயாராக இருந்தது. ஆனால் அதை எடுத்து ஒரு கூலிக்காரனின் தட்டில் வைத்து அளக்கும் பழக்கம்தான் வரவில்லை. அமெரிக்காவில் அட்வாட்டர் ஒரு பெரிய பெட்டி செய்து, அதற்குள் ஆட்களை நாள் கணக்கில் இருக்க வைத்து வரவு செலவு பார்த்ததெல்லாம் 1890-களில்தான். மகளின் பாடத்தில் வரும் "புரதத்துக்கு நாலு, மாவுக்கு நாலு, கொழுப்புக்கு ஒன்பது" என்ற வாய்ப்பாடு அவர் வழியாக வந்தது.

சென்னையில் டெம்பிளை எதிர்த்து நின்றவர் டாக்டர் கார்னிஷ். முழுப் பெயர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர். நம்ம ஜனங்கள் எந்த ஜில்லாவில் என்ன சாப்பிடுகிறார்கள், ஜெயில்களில் கைதிகளுக்கு எவ்வளவு போடுகிறார்கள் என்று 1863-லேயே அறிக்கை எழுதியவர். ஒரு பவுண்டில் மனிதன் உட்கார்ந்திருந்தாலே நிலைக்க மாட்டான், மண் வெட்டினால் எப்படி நிலைப்பான் என்பது அவர் கட்சி. ஜெயிலில் கடுங்காவல் கைதிக்குக் கூட இதைவிட அதிகமாகப் போடுகிறோமே என்று எடுத்துக் காட்டினார். ஒன்றரை பவுண்டு தானியம், கூடவே பருப்பும் காயும் வேண்டும் என்றார். டெம்பிள் பதில் எழுதினார். இந்த நாட்டில் ஏராளமான பேர் இதைவிடக் குறைவில் வாழ்கிறார்கள், டாக்டர்கள் சொல்வது ஏட்டுச் சுரைக்காய், பரீட்சித்துப் பார்ப்போம் என்ற பாணியில். இரண்டு அதிகாரிகள் மாற்றி மாற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் பரீட்சை நடந்துகொண்டுதான் இருந்தது, ரோட்டோரங்களில்.

கார்னிஷ் வாதாடியது கலோரியில் இல்லை. அவருடைய பாஷை நைட்ரஜன் பாஷை. அரிசியில் நைட்ரஜன் சத்து போதாது, தசை கரைந்துவிடும் என்று லீபிக் காலத்து வாய்ப்பாட்டில்தான் பேசினார். அதில் பாதி ஏற்கெனவே காலாவதியான தியரி. ஆனால் அவர் கேட்ட அளவு சரி. ஒன்றரை பவுண்டு அரிசி என்றால் 2,350 கலோரி. பருப்போடு சேர்த்தால் 2,500-ஐ எட்டிப் பார்க்கும். தப்பான சூத்திரத்தில் சரியான விடை போட்டிருக்கிறார். ஜெயிலையும் ஆஸ்பத்திரியையும் கண்ணால் பார்த்த மனிதருக்கு விடை முதலிலேயே தெரிந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

1877 மார்ச்சில் சென்னை அரசாங்கம் கார்னிஷ் பக்கம் பாதி தூரம் வந்தது. ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. மகள் இதையும் பெருக்கினாள். 567 கிராம் அரிசி, 43 கிராம் பருப்பு, ஆகமொத்தம் 2,100 கலோரி. புரதத்தையும் பார்த்தோம். பழைய கூலியில் 31 கிராம், புதியதில் 48 கிராம். 50 கிலோ ஆளுக்கு 50 கிராம் என்பது நம்மூரில் வெகுகாலம் சொல்லி வந்த கணக்கு. ஆக, கையளவு பருப்பும் கால் பவுண்டு அரிசியும் புரதக் குறையை ஏறக்குறைய அடைத்துவிட்டன. சக்திக் குறை மட்டும் 800 கலோரி அளவில் நின்றது.

அந்த வருஷக் கோடையில் நிவாரண முகாம்களில் சாவு எண்ணிக்கையைக் கார்னிஷ் எடுத்துப் போட்டார். அந்த மாசத்துச் சாவு அதே வேகத்தில் வருஷம் முழுக்கப் போனால் நூற்றுக்கு 94 பேர் போய்விடுவார்கள் என்ற கணக்கு. காலரா, வயிற்றுப்போக்கு என்று பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். அறுத்துப் பார்த்தபோது சதை முழுக்கக் கரைந்திருந்தது, குடலின் உள்சவ்வும் அழிந்திருந்தது. இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். நீண்ட பட்டினியில் குடல் சவ்வு தேய்ந்து போனால், அப்புறம் சோறு போட்டாலும் உடம்பில் ஒட்டாது. கஞ்சித் தொட்டிக்கு வந்து, கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு, அங்கேயே விழுந்து செத்தவர்களைப் பார்த்து "போட்டும் பிழைக்கலையே" என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

சென்னை அரசாங்கம் முழுக்க நல்லவர்கள், கல்கத்தா முழுக்கக் கெட்டவர்கள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அப்படியும் இல்லை. சென்னை அரசாங்கம் 30,000 டன் தானியம் வாங்கியதும், வியாபாரத்தில் தலையிடாதே என்று கல்கத்தா கண்டித்ததும் உண்மை. இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியாவதை யாரும் நிறுத்தவில்லை என்பதும் உண்மை. அதே சென்னை நிர்வாகத்தின் வேலைத்தளங்களில் மேஸ்திரி கூலியில் கை வைத்தான் என்ற புகாரும் உண்டு. அப்போது சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி, பஞ்சத்தைப் பற்றி 1878-ல் இரண்டு பாகமாகப் புத்தகமே போட்டார். அதையும் கார்னிஷின் குறிப்புகளையும் எடுத்துவிட்டால், நமக்குத் தெரிவது பாதிகூட இருக்காது.

நான் இருபது வருஷமாகக் குப்பை கொட்டும் புனேயிலும் இதே கூலி வந்தது. இங்கே நடந்தது வேறு மாதிரி. கூலியைக் குறைத்ததும் பம்பாய் மாகாணத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலைத்தளத்தை விட்டு எழுந்து போய்விட்டார்கள். பட்டினி கிடப்பவன் செய்த வேலைநிறுத்தம்! 1870-ல் தொடங்கிய புனே சார்வஜனிக் சபா, ஊர் ஊராக ஆள் அனுப்பித் தகவல் சேகரித்து, இந்தக் கூலி போதாது என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தது. நம்ம பக்கம் அப்படி ஒரு சபை அந்த அளவுக்கு எழுந்து நிற்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். டெம்பிள் 1877-லேயே பம்பாய் கவர்னராக இங்கே வந்துவிட்டார். மழைக்காலத்தில் கவர்னர்கள் தங்கிய கணேஷ்கிண்ட் மாளிகைதான் இப்போது புனே பல்கலைக்கழகத்தின் பிரதான கட்டடம். மகள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த வளாகத்து மரநிழலில்தான். அத்தனை வருஷம் அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன், அங்கே யார் இருந்தார் என்று தெரியாமல்.

பஞ்சம் முடிந்த பிறகு கமிஷன் உட்கார்ந்தது. 1880-ல் அறிக்கை, அதைத் தொடர்ந்து பஞ்ச விதிகள் என்ற சட்டப் புத்தகம். யாருக்கு எவ்வளவு என்று அதிலும் நிறுத்துத்தான் எழுதினார்கள். ஆனால் அரிசியிலும் கேழ்வரகிலும் உண்மையில் என்ன இருக்கிறது என்று நம்ம நாட்டிலேயே முறையாக ஆராய இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் பிடித்தது. அது நடந்த இடம் நம்ம குன்னூர். பெரிபெரி நோயை ஆராய 1918-ல் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் தொடங்கிய சின்ன அறை, பின்னால் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. மெக்காரிசன் எலிகளைப் பிரித்து வைத்து, ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாபி சாப்பாடு, ஒரு கூட்டத்துக்கு மதராசி சாப்பாடு என்று போட்டு வளர்த்தார். சப்பாத்தி, பால், காய் தின்ற எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. தீட்டிய அரிசியை நம்பிய மதராசி எலி நோஞ்சானாக நின்றது. தங்கமணியின் பக்கத்து வீட்டு பஞ்சாபித் தோழிக்கு இது தெரியாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

மெக்காரிசனுக்குப் பிறகு 1935-ல் அங்கே தலைவராக வந்த அய்க்ராய்ட், 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைச் சின்னப் புத்தகமாக வெளியிட்டார். டெம்பிள் கூலிக்குச் சரியாக அறுபது வருஷம் கழித்து. ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஹைதராபாத் போனது, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பேர் மாறியது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் சி. கோபாலன். 1918-ல் சேலத்தில் பிறந்தவர், 2019-ல் நூறு வயதில் காலமானார். ஏழைப் பிள்ளைகளுக்கு முதல் குறை புரதம் இல்லை, வயிறு நிறையச் சோறு இல்லாததுதான் என்று, உலகமே புரதம் புரதம் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் எடுத்துச் சொன்னவர். அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 1971-ல் வெளியிட்ட அட்டவணைதான், நாங்கள் அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்திருந்தது. 100 கிராம் அரிசிக்கு 345 என்று நான் மேலே சொன்ன எண் அதில் இருப்பதுதான். அதே நிறுவனம் 2017-ல் வெளியிட்ட புது அட்டவணையில் இது சற்றுக் கூடி 356 என்று இருக்கிறது. அதை வைத்துப் போட்டாலும் ஒரு பவுண்டுக்கு 1,616-தான் வருகிறது. கதை மாறவில்லை.

பெருக்கல் எல்லாம் முடிந்து நான் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் சார்ட்டில் அப்பா, அம்மா, நான், ஆயா என்று இருந்த நாலு வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு வரி போட்டிருந்தாள். பேர் தெரியாததால் அந்தக் கட்டத்தில் "ஆயாவோட தாத்தாவோட பெரியப்பா" என்று நுணுக்கி எழுதியிருந்தாள். சாப்பிட்டது: அரிசி, ஒரு பவுண்டு. கலோரி: 1,566. என் வரியில் 'செய்த வேலை' என்ற கட்டத்தில் "கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தது" என்று இருந்தது, கலோரி 2,480. அவர் வரியில் அதே கட்டத்தில் "கல் உடைத்தது" என்று எழுதிவிட்டு, இலங்கைக்கு நடந்ததை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று ஆயாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.